பாஸ்கா, பஸ்கா, பெசஹா, ஈஸ்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தவக்காலம் பாதி தாண்டியதும் இந்தக் கேள்விகள் வரத் தொடங்கும். வாட்ஸ்அப்பில் பாபிலோன் தேவதையின் படம் ஒன்று சுற்றும். பிரசங்கத்தில் கேட்ட சொல் விளக்கத்தை ஒருவர் சொல்ல, இன்னொருவர் அது தப்பு என்பார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. எல்லாக் கேள்விக்கும் ஒரே நீளத்தில் பதில் இருக்காது. சிலவற்றுக்கு ஒரு வரி போதும், சிலவற்றுக்குப் போதாது.

பாஸ்கா என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இஸ்ரயேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறியதை நினைத்து யூதர்கள் கொண்டாடும் பண்டிகை. அன்று பலியிட்ட ஆட்டுக்கும் அதே பெயர்தான். பிறகு கிறிஸ்தவர்கள் இயேசுவின் மரணத்தையும் உயிர்ப்பையும் கொண்டாடும் விழாவுக்கும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். ஆடு, யூதப் பண்டிகை, கிறிஸ்தவ விழா என்று மூன்று பொருள் ஒரு சொல்லில் இருப்பதால்தான் பாதிக் குழப்பம்.

பாஸ்காவா, பஸ்காவா? எது சரி?

இரண்டும் சரி. கத்தோலிக்கர் பாஸ்கா என்று எழுதுகிறார்கள், புராட்டஸ்டண்டுகளின் பழைய வேதாகமத்தில் பஸ்கா என்று இருக்கிறது. எழுதியவர் எந்தச் சபை என்று கண்டுபிடிக்க உதவுமே தவிர, பொருளில் வேறுபாடு கிடையாது. இந்தப் பக்கத்தில் பாஸ்கா என்றே எழுதுகிறேன்.

இந்தச் சொல் எந்த மொழியிலிருந்து வந்தது?

மூலம் எபிரேயம். அங்கே 'பெசஹ்' என்பார்கள். கடைசியில் வரும் ஒலி தொண்டையிலிருந்து எழும் 'ஹ்', தமிழில் அதற்குச் சரியான எழுத்து இல்லை. அதனால் பெசாக், பெசாஹ், பேசாக் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம்.

எபிரேயத்துக்கு நெருங்கிய உறவுமொழி அரமேயம். பாபிலோன் சிறையிருப்புக்குப் பிறகு அந்த வட்டாரம் முழுவதும் மெல்ல மெல்லப் பரவி, இயேசுவின் காலத்தில் கலிலேயாவில் வீட்டுமொழியாக இருந்தது அதுதான். அரமேயத்தில் பெயர்ச்சொல்லின் முடிவில் ஓர் 'ஆ' ஒட்டிக்கொள்ளும். அப்படித்தான் பெசஹ் 'பஸ்ஹா' ஆனது. அந்த அரமேய வடிவத்தை யூதர்கள் கிரேக்கத்துக்குக் கொண்டுபோனபோது 'பாஸ்கா' என்று எழுதினார்கள். கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்கும், இலத்தீனிலிருந்து பாதி உலகத்துக்கும் போனது. ஆகவே நாம் சொல்லும் பாஸ்காவின் வால், அந்த 'ஆ', அரமேயத்தின் சொத்து.

சொல்லின் பழமைக்குச் சான்று வேதாகமத்துக்கு வெளியேயும் உண்டு. எகிப்தின் தெற்கில், நைல் ஆற்றுத் தீவான எலிபன்டைனில், பாரசீகர் ஆட்சியில் ஒரு யூதப் படைக்குடியிருப்பு இருந்தது. அங்கே கிடைத்த கி.மு. 5ஆம் நூற்றாண்டுப் பானை ஓட்டுக் கடிதம் ஒன்றில், பாஸ்கா எப்போது கொண்டாடப்போகிறீர்கள் என்று தெரிவிக்கும்படி ஒருவர் அரமேயத்தில் கேட்டிருக்கிறார். 2,400 ஆண்டுகளுக்கு முன்பும் பண்டிகைத் தேதியை விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்திருக்கிறது.

'கடந்து போதல்' என்பதுதான் அர்த்தமா? அது உறுதியா?

அதுதான் மரபான பொருள். அதற்கு வேதாகமத்திலேயே ஆதாரமும் இருக்கிறது. ஆனால் உறுதியா என்று கேட்டால், மொழியறிஞர்கள் அவ்வளவு எளிதாகத் தலையாட்ட மாட்டார்கள்.

விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) 12ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எகிப்தியரின் தலைப்பிள்ளைகள் சாகப்போகும் இரவு. இஸ்ரயேலர் ஆட்டைக் கொன்று அதன் இரத்தத்தை வாசல் நிலையில் பூச வேண்டும். "அந்த இரத்தத்தை நான் கண்டு, உங்களைக் கடந்துபோவேன்" என்று கடவுள் சொல்கிறார். பிற்பாடு பிள்ளைகள் 'இந்த ஆராதனையின் கருத்து என்ன' என்று கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதும் அதே அதிகாரத்தில், 26, 27ஆம் வசனங்களில் இருக்கிறது. அதாவது இந்தச் சொல்லுக்கான விளக்கமே முதன்முதலில் கேள்வி-பதிலாகத்தான் வந்திருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், அந்த வசனங்களில் 'கடந்துபோவேன்' என்று நாம் படிக்கும் வினைச்சொல்லில்தான். எபிரேய வேதாகமத்தில் அதே எழுத்துகள் கொண்ட வினை வேறு சில இடங்களிலும் வருகிறது. அங்கெல்லாம் பொருள் வேறு மாதிரி இருக்கிறது.

எலியா கர்மேல் மலையில் மக்களைப் பார்த்து, "எந்தமட்டும் இரண்டு நினைவுகளால் குந்திக்குந்தி நடப்பீர்கள்" என்று கேட்பாரே, 1 இராஜாக்கள் 18ஆம் அதிகாரம், அந்தக் 'குந்திக்குந்தி'க்கு மூலத்தில் இருப்பது இந்த வினைதான். சில வசனங்கள் தள்ளி, பாகாலின் தீர்க்கதரிசிகள் பலிபீடத்தருகே குதித்து ஆடுவதற்கும் அதே வினை. யோனத்தானின் மகன் மேவிபோசேத் தாதியின் கையிலிருந்து விழுந்து கால் முடமானான் என்ற இடத்திலும் அதே வினை. நொண்டி என்பதற்கான எபிரேயச் சொல்லும் இதே எழுத்துகளால் ஆனது.

அப்படியானால் அடிப்படைப் பொருள் நொண்டுவதா, குதிப்பதா, தாவிச் செல்வதா? வீட்டைத் தாவிக் குதித்துப் போனார் என்றால் 'கடந்து போனார்' என்பதற்கு வழி கிடைக்கிறது. பண்டிகையில் ஒருவகைக் குதியாட்டம் இருந்து, அதனால் பெயர் வந்தது என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் அப்படி ஓர் ஆட்டத்தைப் பற்றி வேதாகமத்தில் ஒரு வரிகூட இல்லை, அதனால் எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது.

இன்னொரு இடம் ஏசாயா 31:5. பறவைகள் குஞ்சுகளுக்கு மேலே சிறகை விரித்து வட்டமிடுவதுபோலக் கடவுள் எருசலேமைக் காப்பார் என்ற வசனம். 'காப்பார், விடுவிப்பார்' என்ற சொற்களோடு சேர்ந்து இந்த வினையும் நிற்கிறது. இங்கே 'கடந்து போவார்' என்று வைத்தால் பொருளே கெடும். பறவை குஞ்சைக் கடந்து போய்விட்டால் காப்பது யார்? 'மேலே நின்று காத்தல்' என்பதுதான் பொருந்துகிறது.

இதை இன்றைய ஆராய்ச்சியாளர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஐந்நூல்களை, அதாவது வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களை, கிரேக்கத்தில் பெயர்த்த யூதர்கள், 12ஆம் அதிகாரத்தின் 13ஆம், 27ஆம் வசனங்களில் 'உங்களை மூடிக் காப்பேன், வீடுகளைக் காத்தார்' என்ற பொருளில்தான் எழுதினார்கள். நடுவில் 23ஆம் வசனத்தில் மட்டும் 'கடந்து செல்வார்' என்றார்கள். ஒரே அதிகாரத்தில், ஒரே சொல்லுக்கு, இரண்டு பொருள்! 23ஆம் வசனத்தை நிதானமாகப் படித்தால் காட்சியும் அப்படித்தான் இருக்கிறது: கடவுள் வாசலில் நிற்கிறார், அழிப்பவனை உள்ளே விடவில்லை. என் கணிப்பில் 'காத்தல்' என்ற பொருளுக்குத்தான் வலு அதிகம்.

'தணித்தல், ஆற்றுதல்' என்ற பொருளுள்ள ஓர் அக்காடிய (பழைய மெசபொத்தாமிய மொழி) வினையோடு தொடர்புபடுத்துவோரும் உண்டு. ஒலி பொருந்துகிறது, அதற்கு மேல் ஒன்றும் நிற்கவில்லை.

பிறகு 'கடத்தல்' எப்படி வென்றது? முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் பாஸ்காவுக்குக் 'கடந்து போதல்' என்றே கிரேக்கத்தில் பொருள் எழுதினார். அலெக்சாந்திரியாவின் யூதத் தத்துவ அறிஞர் ஃபைலோவும் அந்த வழிதான், ஆனால் அவர் அதை ஆன்மா ஆசைகளைக் கடப்பதாக மாற்றிக்கொண்டார். வேதாகமத்தை இலத்தீனில் பெயர்த்த எரோணிமுஸ் அதில் 'ஆண்டவரின் கடத்தல்' என்று போட்டார். அதன்பின் ஐரோப்பா முழுவதும் அதையே படித்தது.

பாஸ்கா என்றால் 'பாடுபடுதல்' என்று பிரசங்கத்தில் கேட்டேனே?

கேட்டிருப்பீர்கள். அது 1,800 ஆண்டுப் பழைய தவறு. அழகான தவறும்கூட.

கிரேக்கத்தில் 'பாஸ்கெய்ன்' என்று ஒரு வினை இருக்கிறது. துன்பப்படுதல், பாடுபடுதல் என்று பொருள். பாஸ்கா, பாஸ்கெய்ன்: காதில் விழும்போது ஒரே குடும்பம் என்றுதான் தோன்றும். எபிரேயம் தெரியாத கிரேக்கக் கிறிஸ்தவர்களுக்கு, இயேசு பாடுபட்ட நாளைக் கொண்டாடும் விழாவுக்குப் 'பாஸ்கா' என்று பெயர் இருந்தால் வேறு விளக்கம் எதற்கு? இன்றைய துருக்கியில் இருந்த சர்தை நகரத்தின் ஆயர் மெலித்தோ, 2ஆம் நூற்றாண்டில், பாஸ்காவைப் பற்றிய தம் உரையில் பாடுபடுதல் என்ற வினையிலிருந்தே இந்தப் பெயர் வந்தது என்று வெளிப்படையாகச் சொல்கிறார்.

அடுத்த நூற்றாண்டில் இறையியல் அறிஞர் ஒரிகேன் அதை மறுத்தார். சகோதரர்கள் பலரும் மீட்பரின் பாடுகளால் இந்தப் பெயர் வந்ததாக நினைக்கிறார்கள், ஆனால் இது எபிரேயச் சொல், 'கடத்தல்' என்று பொருள் என்றார். ஒரிகேனின் இந்த எழுத்து பல நூற்றாண்டுகள் காணாமல் கிடந்து, 1941இல் எகிப்தின் தூராவில் பாப்பிரஸ் ஏடுகளாகக் கிடைத்தது. அகுஸ்தினாரும் மறுத்தார். ஆனால் யோவான் 13:1இல் இயேசு இவ்வுலகை விட்டுத் தந்தையிடம் கடந்து செல்லும் நேரம் வந்தது என்று இருப்பதைக் காட்டி, 'கடத்தல்' என்ற பொருள் இயேசுவுக்கும் நன்றாகவே பொருந்துகிறது என்று முடித்தார்.

மறுப்புக்கு எளிய காரணங்கள் இரண்டு. முதலாவது, சிலுவை மரணத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே பாஸ்கா என்ற சொல் கிரேக்க வேதாகமத்தில் இருக்கிறது. இரண்டாவது இலக்கணம். கிரேக்கத்தில் சொந்தப் பெயர்ச்சொற்கள் வேற்றுமைக்கு ஏற்ப வடிவம் மாறும், பாஸ்கா மட்டும் எந்த வேற்றுமையிலும் மாறாமல் அப்படியே நிற்கிறது. இந்த ஒன்றே அது வந்தேறிய சொல் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பிரசங்கத்தில் 'இந்த இரண்டு சொற்களும் ஒலியில் ஒத்துப்போவதைப் பழங்காலக் கிறிஸ்தவர்கள் ரசித்தார்கள்' என்று சொன்னால் யாரும் குறை சொல்ல முடியாது. 'அதிலிருந்து பிறந்தது' என்றால்தான் தப்பு.

கேரளத்தில் பெசஹா என்கிறார்களே, அது தனிச் சொல்லா?

அதே சொல்தான், வந்த பாதை வேறு. நமக்கு ஐரோப்பியர் வழியாகப் பாஸ்கா வந்தது. கேரளத்தின் சிரியக் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு மொழியான சிரியாக்கிலிருந்து நேராக வந்தது. சிரியாக் என்பது அரமேயத்தின் கிழக்குக் கிளை, கிரேக்க, இலத்தீன் சுற்று எதுவும் இல்லை.

இங்கே ஒரு சுவாரசியம். சிரியாக் வேதாகமத்தில் இந்தப் பண்டிகைப் பெயரை எபிரேயத்தில் உள்ள 's' ஒலியோடு எழுதாமல், அழுத்தமான வேறொரு சகரத்தோடு எழுதினார்கள். அந்தச் சகரத்தோடு எழுதினால் அது 'மகிழ்தல்' என்ற வினையோடு சேர்ந்துவிடும். அதனால் சிரியாக் பேசியவர்களின் காதுக்குப் பண்டிகைப் பெயரே மகிழ்ச்சி என்று ஒலித்தது. கிரேக்கர் காதில் துன்பம், சிரியர் காதில் மகிழ்ச்சி! இந்தச் சொல்லைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். யார் காதில் விழுந்ததோ அவரவர் மொழியில் இருந்த பக்கத்துச் சொல்லோடு அது ஒட்டிக்கொண்டது.

கேரளத்தில் பெசஹா என்றால் பெரிய வியாழன். அன்றிரவு வீட்டில் புளிக்காத பெசஹா அப்பம் செய்து, குடும்பத்தின் மூத்தவர் செபித்து, பிட்டுக் கொடுப்பார். கூடவே தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்த பெசஹாப் பால். இதற்கென்று செய்யும் அப்பத்துக்கு 'இண்டறி அப்பம்' என்றும் பெயர் உண்டு.

பாஸ்காவும் புளிப்பில்லா அப்பப் பண்டிகையும் ஒன்றா?

இன்று ஒன்றாகவே கொண்டாடப்படுகின்றன. வேதாகமத்தில் பிரித்துச் சொல்லப்பட்டிருக்கும். லேவியராகமம் 23இல், முதல் மாதம் 14ஆம் நாள் மாலை பாஸ்கா, 15ஆம் நாள் முதல் ஏழு நாள் புளிப்பில்லா அப்பப் பண்டிகை. ஒன்று ஆடு மேய்ப்போரின் வசந்தகாலச் சடங்காகவும் மற்றது வாற்கோதுமை அறுவடையைச் சேர்ந்த உழவர் சடங்காகவும் முதலில் தனித்தனியே இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நற்செய்தி எழுதப்பட்ட காலத்திலேயே மக்கள் பேச்சில் இரண்டும் கலந்துவிட்டன. லூக்கா 22:1 'பாஸ்கா எனப்படும் புளிப்பற்ற அப்பப் பண்டிகை' என்றே சொல்கிறார்.

யூதர்கள் இன்னும் ஆடு பலியிடுகிறார்களா?

இல்லை. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்டதோடு பலிகள் நின்றுவிட்டன. இப்போது வீட்டில் 'சேதெர்' என்ற இராவுணவு நடக்கிறது. தட்டில் வறுத்த எலும்பு ஒன்று இருக்கும், பழைய பலியின் நினைவாக. மட்சா என்ற புளிக்காத ரொட்டி, கசப்புக் கீரை, நான்கு கிண்ணம் திராட்சை மது எல்லாம் உண்டு. வீட்டின் சின்னப் பிள்ளை 'மற்ற இரவுகளிலிருந்து இந்த இரவு எப்படி வேறுபட்டது' என்று கேட்டுத் தொடங்கி வைக்கும். பண்டிகை இஸ்ரேலில் ஏழு நாள், வெளிநாட்டில் மரபுவழி யூதர்களுக்கு எட்டு நாள்.

ஆட்டை இன்னும் பலியிடுவது சமாரியர்கள். நல்ல சமாரியன் உவமையில் வரும் அதே மக்கள்தான். சில நூறு பேர்தான் மிஞ்சியிருக்கிறார்கள். நாப்ளுஸ் நகரத்தை ஒட்டிய கெரிசீம் மலையில் ஆண்டுதோறும் கூடி, வெள்ளை உடை அணிந்து ஆடுகளைப் பலியிட்டு, குழியடுப்பில் சுட்டு, இரவில் உண்கிறார்கள்.

இயேசுவின் கடைசி இராவுணவு பாஸ்கா விருந்தா?

மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் ஆம் என்கிறார்கள். யோவான் இல்லை என்கிறார். அவர் கணக்கில் இயேசுவைப் பிலாத்துவிடம் கொண்டுபோனபோது யூதத் தலைவர்கள் இன்னும் பாஸ்கா உண்ணவில்லை (18:28). இயேசு சாவது ஆட்டைக் கொல்லும் நாளில். எலும்பு முறிக்கப்படவில்லை என்று அவர் குறிப்பிடுவதும் (19:36) பாஸ்கா ஆட்டின் எலும்பை முறிக்கக்கூடாது என்ற பழைய சட்டத்தை நினைவில் வைத்துத்தான். இரண்டையும் ஒட்டவைக்க எத்தனையோ முயற்சிகள் நடந்துவிட்டன. எதுவும் எல்லோரையும் திருப்திப்படுத்தவில்லை.

யூதப் பண்டிகையின் பெயர் கிறிஸ்தவ விழாவுக்கு எப்படி வந்தது?

முதல் கிறிஸ்தவர்கள் யூதர்கள், அதனால். அவர்கள் வேறு பெயர் தேடவே இல்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, "நம்முடைய பஸ்காவாகிய கிறிஸ்து நமக்காகப் பலியிடப்பட்டிருக்கிறாரே" என்கிறார். அது கி.பி. 50களின் நடுவில். அங்கே பாஸ்கா என்றால் ஆடு. 2ஆம் நூற்றாண்டுக்குள் அந்தப் பெயர் ஆண்டுவிழாவுக்கு நிலைத்துவிட்டது.

ஈஸ்டர் என்பது இஷ்தார் தேவதையின் பெயரா?

இல்லை. வாட்ஸ்அப் படத்தை அனுப்பியவருக்கு இந்தப் பதிலை அனுப்பலாம்.

இஷ்தார் மெசபொத்தாமியாவின் தேவதை. பெயர் செமித்திய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. வேதாகமத்தில் வரும் அஸ்தரோத் அவளுடைய சொந்தக்காரி. ஈஸ்டர் என்ற சொல்லோ ஆங்கிலத்தின் செர்மானியக் குடும்பத்துச் சொல், ஜெர்மனில் ஓஸ்டர்ன். ஒலி கொஞ்சம் ஒத்துப்போகிறது என்பதைத் தவிர இரண்டுக்கும் தொடர்பு இல்லை. இந்தக் கதையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் 19ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துப் போதகர் அலெக்சாண்டர் ஹிஸ்லப். கத்தோலிக்கச் சபையின் வழக்கங்கள் எல்லாம் பாபிலோனிலிருந்து வந்தவை என்று காட்டுவதுதான் அவருடைய நோக்கம். ஒலி ஒற்றுமையைத் தவிர அவரிடம் ஆதாரம் எதுவும் இருக்கவில்லை.

அப்படியானால் ஈஸ்டர் எங்கிருந்து வந்தது? இதற்கு ஒரே ஒரு பழைய சாட்சி இருக்கிறார்: இங்கிலாந்தின் துறவி பீட். கி.பி. 725இல் காலக்கணக்கைப் பற்றி எழுதிய நூலில், ஆங்கிலேயரின் பழைய மாதப் பெயர்களைச் சொல்லும்போது, ஏப்ரலை ஒட்டிய மாதத்துக்கு 'ஈயோஸ்துர் மாதம்' என்று பெயர், ஈயோஸ்த்ரே என்ற தேவதைக்கு முன்பு அந்த மாதத்தில் விழா எடுத்தார்கள், இப்போது பாஸ்காக் காலத்தை அந்த மாதப் பெயரால் அழைக்கிறார்கள் என்று எழுதினார். அவ்வளவுதான். முயல் இல்லை, முட்டை இல்லை. அந்தத் தேவதையைப் பற்றி வேறு எந்தப் பழைய நூலும் பேசவில்லை. 1835இல் ஜெர்மானிய மொழியறிஞர் யாகோப் கிரிம், ஜெர்மனியிலும் 'ஓஸ்தாரா' என்று ஒரு தேவதை இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். அதன்பின் ஊகம் கதையாகி, கதை வரலாறாகிவிட்டது.

பீட் தாமே கற்பனை செய்துகொண்டார் என்று சொல்பவர்கள் இருந்தார்கள். 1958இல் ஜெர்மனியின் ரைன் வட்டாரத்தில், மோர்க்கன்-ஹார்ஃப் என்ற இடத்தில், 'ஆஸ்த்ரியாஹெனே' என்ற தாய்த் தெய்வங்களுக்கு நேர்ந்துகொண்ட உரோமானியர் காலக் கல்வெட்டுகள் 150க்கும் மேல் கிடைத்தன. பெயரின் வேர் அதேதான். அதனால் பீட் சொன்னதில் ஏதோ இருந்திருக்கலாம் என்ற எண்ணம் இப்போது கொஞ்சம் வலுத்திருக்கிறது.

வேர் என்ன என்பதில் பெரிய சண்டை இல்லை. கிழக்கு, விடியல். கிழக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே வேர். இருக்கு வேதத்தில் வரும் விடியல் தேவதை உஷஸ், கிரேக்கரின் ஏயோஸ், உரோமரின் அவுரோரா எல்லோரும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் பிள்ளைகள். பாபிலோனைவிட உஷஸுக்குத்தான் ஈஸ்டர் நெருங்கிய உறவு.

பெயர் புறசமயத்தது என்றால் விழாவும் புறசமயத்ததுதானே?

ஆங்கிலேயர் கிறிஸ்தவர் ஆவதற்குப் பல நூற்றாண்டு முன்பே பாஸ்கா என்ற பெயரில் விழா நடந்துகொண்டிருந்தது. பிற்பாடு வந்த ஒரு மொழிக்காரர்கள் தங்கள் மாதப் பெயரை அதற்கு வைத்தார்கள். முட்டை வந்தது நோன்புக்காலத்தில் முட்டை விலக்கப்பட்டிருந்ததால். கோழி நோன்பு பார்க்காதே, அதனால் விழா நாளில் வீட்டில் முட்டை குவிந்து கிடக்கும். முயல் பற்றிய எழுத்துச் சான்று 17ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில்தான் தெளிவாக வருகிறது.

சாக்லேட் முயல் பிடிக்காதவர்கள் வாங்க வேண்டாம். அதற்காக பாபிலோன்வரை போக வேண்டியதில்லை.

ஆங்கில வேதாகமத்தில் ஏரோது ஈஸ்டர் கொண்டாடினானாமே?

1611ஆம் ஆண்டின் கிங் ஜேம்ஸ் பதிப்பில், அப்போஸ்தலர் 12:4இல், ஏரோது பேதுருவை ஈஸ்டருக்குப் பின் வெளியே கொண்டுவர நினைத்தான் என்று இருக்கும். மூலத்தில் பாஸ்காதான். தமிழ் வேதாகமத்தில் பஸ்கா பண்டிகை என்றே இருப்பதால் நமக்கு இந்தத் தலைவலி இல்லை.

இது அந்தக் காலத்து வழக்கின் மிச்சம். வில்லியம் டின்டேல் 1526இல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, யூதப் பண்டிகைக்கும் ஈஸ்டர் என்றே எழுதினார். ஆட்டுக்கு 'ஈஸ்டர் ஆடு'. லூத்தரும் ஜெர்மனில் அப்படித்தான் செய்தார். பிறகு 1530இல் ஐந்நூல்களைப் பெயர்க்கும்போது மோசே காலத்து இரவுக்கு ஈஸ்டர் என்று எழுத டின்டேலுக்கே மனம் வரவில்லை போலும். 'கடந்து' 'போ' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டி 'பாஸ்ஓவர்' என்று புதுச் சொல் செய்தார். இன்று ஆங்கிலத்தில் யூதப் பண்டிகைக்கு ஒரு பெயர், கிறிஸ்தவ விழாவுக்கு வேறு பெயர் என்று பிரிந்து கிடப்பதற்கு அவர்தான் காரணம்.

மற்ற மொழிகளில் எப்படி?

பெரும்பாலும் பாஸ்காதான். இத்தாலியனில் பாஸ்குவா, ஸ்பானிஷில் பாஸ்குவா, போர்த்துகீசில் பாஸ்கோவா, பிரெஞ்சில் பாக், ரஷ்யனில் பாஸ்ஹா, இந்தோனேசியனில் பாஸ்கா. ஆங்கிலமும் ஜெர்மனும் விதிவிலக்கு, வேறு சில மொழிகளும் உண்டு. போலந்துக்காரர் 'பெரிய இரவு' என்கிறார்கள். ஹங்கேரியில் 'இறைச்சி எடுத்தல்': நோன்பு முடிந்து மறுபடி இறைச்சி சாப்பிடும் நாள். நேர்மையான மக்கள்.

பிலிப்பைன்ஸில் பாஸ்கோ என்றால் கிறிஸ்துமஸ். ஸ்பானிஷில் எந்தப் பெரிய விழாவையும் பாஸ்குவா என்று சொல்லும் வழக்கம் இருந்ததால் வந்தது. அங்கே ஈஸ்டரைச் சொல்ல 'உயிர்ப்பின் பாஸ்கோ' என்று நீட்ட வேண்டும்.

பசிபிக்கின் ஈஸ்டர் தீவுக்குப் பெயர் வந்தது, டச்சுக் கப்பல்காரர் யாகோப் ரோகவேன் 1722 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று அங்கே போய்ச் சேர்ந்ததால்.

சிங்களத்தில் 'பாஸ்கு'. 2019 ஏப்ரல் 21 அன்று இலங்கைத் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்த குண்டுவெடிப்புகளைச் சிங்களச் செய்திகள் 'பாஸ்கு தாக்குதல்' என்கின்றன. அதே செய்தி தமிழில் 'உயிர்த்த ஞாயிறு தாக்குதல்' என்று வரும்.

பாஸ்கா நாடகம் என்பது பாடுகளைப் பற்றியது. அதற்கு ஏன் பாஸ்கா என்று பெயர்?

நல்ல கேள்வி. ஐரோப்பாவில் இந்த நாடகத்துக்குப் பெயர் 'பாடுகளின் நாடகம்'. இங்கே கத்தோலிக்க ஊர்களில் அது பாஸ்கா, அல்லது பாஸ்கு. காலத்தின் பெயர் அந்தக் காலத்தில் நடக்கும் நாடகத்துக்கு ஆகிவந்துவிட்டது என்பதே போதுமான விளக்கம். இலங்கையில் நீர்கொழும்புக்கு அருகே துவாவில் சிங்களத்தில் நடக்கும் புகழ்பெற்ற நாடகத்துக்கும் பாஸ்கு என்றே பெயர். மன்னார் பேசாலையில் ஆளுயரப் பொம்மைகளை இயக்கி நடத்தும் மரபுக்கு 'உடக்குப் பாஸ்' என்பார்கள்.

'பாஸ்கா பார்க்கப் போறோம்' என்று சொல்பவரிடம் யூதப் பண்டிகையா என்று கேட்டால், உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்.

இரண்டு பண்டிகைகளும் ஏன் ஒரே நாளில் வருவதில்லை?

யூதப் பாஸ்கா நிசான் (வேதாகமக் கணக்கில் முதல் மாதம்) மாதத்துப் பௌர்ணமியில். சந்திர மாதக் கணக்கு, அதோடு 19 ஆண்டில் 7 முறை கூடுதல் மாதம் சேர்ப்பார்கள். பண்டிகையின் முதல் நாள் ஞாயிறு, செவ்வாய், வியாழன், சனி ஆகிய கிழமைகளில் ஒன்றில் வரும், ஞாயிறாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

கிறிஸ்தவர்களிலும் தொடக்கத்தில் சிறிய ஆசியாவில் (இன்றைய துருக்கி) இருந்தவர்கள் நிசான் 14ஐயே பிடித்துக்கொண்டார்கள், கிழமையைப் பார்க்கவில்லை. உரோமையில் ஞாயிறுதான். அங்கே சிமிர்னா நகரத்தின் ஆயர் போலிகார்ப், கி.பி. 155ஐ ஒட்டி, உரோமைக்கே போய் ஆயர் அனிசேட்டுஸோடு இதைப் பேசினார். யாரும் யாரையும் மாற்ற முடியவில்லை, ஆனாலும் சமாதானமாகப் பிரிந்தார்கள். ஒரு தலைமுறை கழித்து உரோமை ஆயர் விக்டர், ஆசியச் சபைகளை விலக்கி வைக்கவே கிளம்பினார். லியோன் நகரத்தின் ஆயர் இரேனேயுஸ் குறுக்கிட்டு, போலிகார்ப் கதையை நினைவூட்டினார். 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம், எல்லோரும் ஒரே ஞாயிறில், யூதர் கணக்கைச் சாராமல் கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்தது.

இன்றைய விதி: மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. பௌர்ணமி என்பது வானத்தில் தெரிவது அல்ல, சபை அட்டவணையில் உள்ளது. அதனால் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எந்த ஞாயிறும் வரலாம். ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரும்பாலானவை பழைய ஜூலியன் கணக்கை வைத்திருப்பதால் அவர்கள் விழா பெரும்பாலான ஆண்டுகளில் தள்ளிப்போகும். 2024இல் நமக்கு மார்ச் 31, அவர்களுக்கு மே 5, யூதப் பாஸ்கா நடுவில் ஏப்ரல் 22 மாலை தொடங்கியது. 2025இல் எல்லாக் கிறிஸ்தவருக்கும் ஏப்ரல் 20. 2026இல் ஏப்ரல் 5, ஏப்ரல் 12 என்று மறுபடி பிரிந்தது.

பாஸ்கா திரி என்பது?

உயிர்ப்பு விழாவின் இரவுத் திருவிழிப்பில் புது நெருப்பிலிருந்து ஏற்றும் பெரிய மெழுகுதிரி. சிலுவை, கிரேக்க எழுத்துகளான ஆல்ஃபா, ஒமேகா, அந்த ஆண்டின் எண் ஆகியவை அதில் இருக்கும். பிறகு ஆண்டு முழுவதும் திருமுழுக்கிலும் அடக்கத் திருப்பலியிலும் ஏற்றுவார்கள்.

பாஸ்காவுக்கு எப்படி வாழ்த்துவது?

யூத நண்பருக்கு 'ஹாக் சமேயாஹ்', அதாவது மகிழ்ச்சியான பண்டிகை என்று சொல்லலாம், பெசஹ் என்பதை நடுவில் சேர்த்தாலும் சரி. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் நண்பர் 'கிறிஸ்தோஸ் அனெஸ்தி', கிறிஸ்து உயிர்த்தார் என்பார். சும்மா நன்றி சொல்லிவிடாதீர்கள், 'அலிதோஸ் அனெஸ்தி', மெய்யாகவே உயிர்த்தார் என்று திருப்பிச் சொல்ல வேண்டும். ரஷ்ய நண்பருக்கும் அதே முறை, மொழி மட்டும் வேறு. தமிழில் 'உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள்', 'ஈஸ்டர் வாழ்த்துகள்' இரண்டும் ஓடுகின்றன. 'பாஸ்கா வாழ்த்துகள்' என்று சொல்வோர் குறைவு. சொன்னால் தவறில்லை.